பபூன் பேசுகிறான், டான்ஸ் ஆடுகிறாள்

போன ஆடி மாசம் எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு ஆடல் பாடல் நிகழ்ச்சி. எங்க ஊர் கனகசெட்டிக்குளம். புதுச்சேரியின் வடக்கு ஓரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எல்லையை ஒட்டிய ஊர். கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். நிகழ்ச்சி நடந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். அத்தையும் நானும் போனோம். அரைமணி நேரத்தில் அத்தை எழுந்துவிட்டார். கால்வலியா என்று கேட்டேன். "இல்லடி. இவளுங்க வாயத் தொறக்கவேயில்லையே. இதுல இன்னா பாக்கறது?" என்றார்.

ஆபாசம் என்று எழுந்து போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆடுகிற பெண்கள் பேசவில்லை என்பதற்காக எழுந்து போன ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தக் குறிப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியது.

முதலில் பின்னணி. பர்லெஸ்க் என்று மேற்கில் ஒரு மேடை வடிவம் உண்டு. கேலி, பாட்டு, ஆட்டம், கொஞ்சம் உடல் காட்டல் எல்லாம் கலந்தது. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் இறகு விசிறி, உடை களைதல் என்றுதான் நினைவுக்கு வரும். ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1868ல் லிடியா தாம்சன் என்ற ஆங்கில நடிகை தன் குழுவோடு நியூயார்க்கில் இறங்கினார். கிரேக்கப் புராணத்தைக் கிண்டல் செய்யும் நாடகம் ஒன்றில் இக்சியான் என்ற ராஜா வேஷம் அவருக்கு. ஆண் வேஷங்களைப் பெண்களே கட்டினார்கள். இறுக்கமான காலுறை போட்டார்கள், சரி. கூடவே பேசினார்கள்: அன்றைய அரசியலை, ஆண்களின் மீசையை, நடப்புச் செய்தியை எல்லாம் சிலேடையில் கிழித்தார்கள். பத்திரிகைகளுக்குக் கோபம் வந்ததில் காலுறைக்குப் பாதிப் பங்கு, வாய்க்குப் பாதிப் பங்கு.

ராபர்ட் ஆலன் என்ற ஆய்வாளர் 1991ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்லும் கதையின் சாரம் இது: காலம் போகப் போக பர்லெஸ்க் மேடையில் பெண்ணின் உடை குறைந்துகொண்டே வந்தது, பேச்சும் அதே அளவுக்குக் குறைந்தது. கடைசியில் ஜோக் சொல்வது ஆண் கோமாளியின் வேலை, உடம்பைக் காட்டுவது பெண்ணின் வேலை என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது. 1930களில் ஜிப்சி ரோஸ் லீ அவ்வளவு பெரிய பெயர் வாங்கியதற்கு ஒரு காரணம், அவர் உடை களைந்துகொண்டே பேசினார் என்பதுதான். ஒரு கையுறையைக் கழற்றுவதற்குள் அரங்கத்தை நாலு தடவை சிரிக்க வைத்தார் என்பார்கள். 1937ல் நியூயார்க் மேயர் லாகார்டியா பர்லெஸ்க் கொட்டகைகளுக்கு உரிமம் இல்லை என்று மூடவைத்தார். 1990களுக்குப் பிறகு பெண்களே அந்த வடிவத்தைத் திரும்ப எடுத்தார்கள். நியோ பர்லெஸ்க் என்று பெயர். நாங்களே எழுதுகிறோம், நாங்களே ஆடுகிறோம், கேலியும் எங்களுடையது என்கிறார்கள். அங்கே நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியது: இது விடுதலையா, பழைய கண்காட்சிக்குப் புதுப் பெயரா?

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நம்ம ஊருக்கு வர்றேன். நமக்கு நெருக்கமான வடிவம் ஸ்பெஷல் நாடகத்தில் வரும் பபூன்–டான்ஸ் காமிக்.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காக: மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் கோயில் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். அதனால்தான் ஸ்பெஷல். ஒத்திகையும் கிடையாது. பெரும்பாலும் வள்ளி திருமணம். எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்து வந்திருப்பதால் மேடையில் சந்தித்தாலே நாடகம் ஓடிவிடும். அந்தப் பாடத்தைப் போட்டுத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

எங்களுக்கு அவர் தூரத்து ஆள் இல்லை. 1867ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர், 1922 நவம்பரில் காலமானது புதுச்சேரியில். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. எங்க ஊருக்குப் பக்கத்தில் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான். நான் படித்தது அங்கேதான்.

இந்த வடிவத்தைப் பற்றி வந்த ஆய்வுகளில் முக்கியமானது சூசன் சைசர் எழுதி 2005ல் வந்த புத்தகம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி, கலைஞர்களோடு கூடவே பயணம் செய்து எழுதியது. அவர் கவனித்ததில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம்.

ஒன்று, ரோடு. பபூன்–டான்ஸ் காமிக் நடக்கும் இடமே நடுரோடுதான். ஒரு பெண் தனியாக ரோட்டில் ஆடிக்கொண்டு வருகிறாள், ஒருவன் வந்து இடிக்கிறான், சண்டை, போட்டி, பிறகு காதல். 'வீட்டுப் பெண்' செய்யக் கூடாததை மேடையில் செய்து காட்டுவதற்காகவே அவளுக்குச் சம்பளம். ஆனால் மேடையை விட்டு இறங்கினால் அதே நடிகை ரோட்டில் தன்னை யாரும் பார்க்காதபடி போக என்னென்ன பாடு படுகிறாள் என்பதைச் சைசர் விரிவாக எழுதியிருக்கிறார். காசு அதிகம் என்று தெரிந்தும் வண்டி பிடிப்பது, நடப்பதைத் தவிர்ப்பது, குடும்பப் பெண் மாதிரியே போய் வருவது.

இரண்டு, பபூனின் தனிப்பேச்சு. அவன் முதலில் வந்து நெடுநேரம் தனியாகப் பேசுவான். பச்சையாக எதையும் பெண்கள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. தாய்மார்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான், வாத்தியக்காரர் பக்கம் திரும்பிக்கொள்வான், எங்கேயோ நடந்த கதை மாதிரிச் சொல்வான். கதையில் கெட்டுப்போகிறவள் எப்போதும் ஒரு பெண். சொல்கிறவன் கை சுத்தமாக இருக்கும்.

2012ல் படிப்புக்காக நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வள்ளி திருமணம் பார்க்கப் போனேன். ராத்திரி முழுக்கப் பொம்பளப் புள்ளை தனியா வெளியூர்ல உட்கார்ந்திருக்கறதா என்று வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் அத்தையைத் துணைக்கு அனுப்பினார்கள். அத்தை மீன் விற்கிறவர். விடியுமுன்னே கூடையோடு ரோட்டில் நிற்கிறவர். என்னைக் காப்பாற்ற அவர், அவரைக் காப்பாற்ற யாரும் தேவையில்லை என்பது எங்க வீட்டுக் கணக்கு. இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பபூன் முக்கால் மணி நேரம் பேசினார். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். பிறகு டான்ஸ் வந்தார், ஆடினார், மோதினார்கள். பபூன் கேட்டார்: "பொம்பளப் புள்ளைக்கு இந்நேரத்துல ரோட்டுல என்ன வேலை?"

"நீ எதுக்கு வந்தே?"

"நான் ஆம்பளை, வருவேன்."

"எதுக்கு வந்தேன்னு சொல்லு. நானும் அதுக்குத்தான் வந்தேன்."

பபூன் முழித்தார். "நான் சும்மா வந்தேன்."

"அப்போ நானும் சும்மாதான் வந்தேன். சும்மா வந்தவளை எதுக்குய்யா இடிச்சே?"

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சிரிப்பு வெடித்தது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்போது நிறையப் படித்திருந்தேன். பெண்ணை இடித்துத் தள்ளுவதை நகைச்சுவையாக்கும் காட்சி, பெண்களே அதற்குச் சிரிப்பது எவ்வளவு ஆழமாக அது உள்ளே போயிருக்கிறது என்பதற்குச் சான்று — இப்படித்தான் மனசுக்குள் வாக்கியம் ஓடியது. பஸ்ஸில் திரும்பும்போது அத்தையிடம் கேட்டேவிட்டேன், அவளை அப்படி இடிக்கிறான், நீ சிரிக்கிறியே என்று.

"அடி போடி, நீ இன்னாத்தக் கண்ட? இடிச்சதுக்கா சிரிச்சேன்? அவ திருப்பிக் குடுத்தா பாரு, அதுக்குச் சிரிச்சேன்."

அந்தப் பதிலில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பபூனின் கேள்வி புதுசு இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணும் வீட்டில், தெருவில், ஸ்டேஷனில் கேட்டிருக்கும் கேள்வி. அதற்கு வழக்கமான பதில் காரணம் சொல்வது: கடைக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன். காரணம் சொன்ன உடனே கேட்கிறவன் நீதிபதி ஆகிவிடுகிறான். அந்த டான்ஸ் காரணமே சொல்லவில்லை. கேள்வியை அப்படியே திருப்பி வைத்தார். இப்போது அவன் ஏடாகூடமாகச் சொன்னால் மாட்டிக்கொள்வது அவன். சும்மா என்று சொன்னால் அவளுக்கும் சும்மா வர உரிமை வந்துவிடும். ரெண்டு பக்கமும் அடைத்தாயிற்று. முக்கால் மணி நேரம் அவன் கட்டிய கோட்டை நாலு வரியில் போயிற்று.

இதை வைத்து ஸ்பெஷல் நாடகம் பெண்ணியக் கலை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காட்சி காதல் டூயட்டில்தான் முடிந்தது. இடித்தவன் கடைசியில் மாப்பிள்ளை ஆனான். கணவன் மனைவி அடிதடியை வைத்துச் சிரிக்கவைக்கும் 'அடிபிடி' காட்சி என்று ஒன்றும் உண்டு. அதைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று சைசர் ஒரு முழு அத்தியாயம் தேடியிருக்கிறார். இன்னொன்றும் அன்றைக்கு விடியக்காலையில் பார்த்தேன். பபூன் கழுத்தில் துண்டோடு டீக்கடையில் நின்று நாலு பேரோடு பேசிக்கொண்டு டீ குடித்தார். டான்ஸ் தலை முழுக்கச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டார். டீ உள்ளே போயிற்று. இருவரும் சேர்ந்து செய்த ஜோக் அது. அதற்கு அவர் மட்டும் தனியாக ஒரு விலை கொடுத்துக்கொண்டிருந்தார். சும்மா வந்தேன் என்று மேடையில் சொன்னவருக்கு மேடைக்கு வெளியே சும்மா நின்று டீ குடிக்க முடியவில்லை.

பெண்கள் பச்சையாகப் பேசுவது தமிழில் புதுசா என்றால் இல்லவே இல்லை. நலங்குப் பாட்டில் சம்பந்தி வீட்டாரைக் கிழிப்பார்கள். நடவு வயலில், மீன் மார்க்கெட்டில் கேட்டுப்பாருங்கள். பிரச்சினை பேச்சில் இல்லை, யார் முன்னால் என்பதில். பெண்களுக்குள் என்றால் விளையாட்டு. ஆண்கள் பார்க்க, கூலிக்கு, மேடையில் என்றால் பேசியவள் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆண் கலைஞனுக்கு வேஷம் கலைந்தால் ஜோக்கும் கலைந்துவிடுகிறது. அவளுக்கு மட்டும் அது கலைவதில்லை.

இங்கே ஒரு பழைய பெயரைச் சொல்லியாக வேண்டும்: கும்பகோணம் பாலாமணி அம்மாள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களை மட்டும் வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். ஆண் வேஷமும் பெண்களே. 'தாரா சசாங்கம்' நாடகத்தில் தாரையாக அவர் வந்த கோலத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது, அதற்காகவே ஸ்பெஷல் ரயில் விட்டார்கள் என்று பழைய நாடகக்காரர்கள் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். லிடியா தாம்சனுக்கு ஒரு தமிழ் ஜோடி என்றால் இவர்தான். ஆனால் பாருங்கள், நம் நினைவில் தங்கியது அந்த ஒரு காட்சியின் உடை மட்டும். ஒரு பெண் முதலாளியாக இருந்து, ஊதியம் கொடுத்து, ஊர் ஊராகக் கம்பெனி நடத்தியது ஓரத்துச் செய்தி. அவர் கம்பெனியின் நகைச்சுவைக் காட்சிகளில் யார் என்ன பேசினார்கள் என்று சொல்பவரும் இல்லை.

வேஷ மாற்றத்திலும் இதே சாய்வு இருக்கிறது. எங்க பக்கம் தெருக்கூத்தில் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டுவார்கள். துகிலுரிதலில் பாஞ்சாலியாக நிற்பவர் ஆண் என்று தெரிந்தே ஊர்ப்பெண்கள் அழுவார்கள். அங்கே சேலை கேலிப்பொருள் இல்லை. அதே சேலை டிவி காமெடி நிகழ்ச்சியில் லேடி கெட்டப் ஆகும்போது, ஆண் இவ்வளவு கீழே இறங்கிவிட்டானே என்பதே ஜோக். அதற்கு மேல் வசனம் தேவைப்படுவதில்லை. மறுபக்கம், கே.பி. சுந்தராம்பாள் 1935ல் நந்தனாராக நடித்தபோது யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கவில்லை. பெண் ஆண் வேஷம் போட்டால் பதவி உயர்வு, ஆண் பெண் வேஷம் போட்டால் பதவி இறக்கம். ஜோக் எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்த்தால் மேடு எது பள்ளம் எது என்று தெரிந்துவிடும்.

இப்போது ஆடல் பாடலுக்குத் திரும்புகிறேன். அன்றைக்கு மேடையில் சினிமாப் பாட்டு ஓடியது. பெண்கள் ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைக் ஒரு ஆணிடம் இருந்தது. அவர் அந்தப் பெண்களைப் பற்றி ஜோக் அடித்தார், அவர்கள் பக்கத்தில் நின்று சிரித்த முகமாக இருந்தார்கள். இடிக்கும் ஆள் உண்டு, இடி உண்டு. திருப்பிக் கொடுக்கும் வரி மட்டும் வெட்டப்பட்டுவிட்டது. ஆலன் சொல்கிற அந்தப் பாகப்பிரிவினை அப்படியே.

இதுமாதிரி நிகழ்ச்சிகளுக்குப் போலீஸ் அனுமதி மறுப்பதும், ஏற்பாட்டாளர்கள் கோர்ட்டுக்குப் போவதும், நிபந்தனையோடு அனுமதி கிடைப்பதும் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். எல்லாம் துணியையும் கடிகாரத்தையும் அளக்கும் நிபந்தனைகள். மைக் யாரிடம் என்று எந்த நிபந்தனையும் கேட்பதில்லை. 2023ல் தமிழ்நாடு அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை போட்டபோது ஒரு நல்ல கேள்வி முன்னுக்கு வந்தது: இந்தச் சிரிப்பு எந்த மக்களை இழிவுபடுத்துகிறது? அந்தப் பெயருள்ள சமூகத்தினர் நெடுநாளாகக் கேட்ட கேள்வி. அதே கேள்வியைப் பெண்கள் விஷயத்திலும் கேட்டால் விவாதம் முழங்காலிலிருந்து மேலே, வாய்க்கு வரும்.

நியோ பர்லெஸ்க் பற்றிய விவாதத்தில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். இது அவள் தேர்வா இல்லையா என்று கேட்கிறார்கள். டிக்கெட் வாங்கி உட்காரும் நகரத்து அரங்கில், வேறு வேலையும் உள்ள ஒருத்திக்குத் தேர்வு என்பது ஒரு பொருள். வேனுக்குள் கண்ணாடி ஏற்றிக்கொண்டவருக்கு வேறு பொருள். தேர்வை அளக்க முடியாது. ஜோக்கின் கடைசி வரி யார் வாயில் என்பதை அளக்கலாம், மேடையிலிருந்து இறங்கியபின் யார் டீக்கடையில் நிற்க முடிகிறது என்பதையும் அளக்கலாம்.

அந்தக் கடைசி வரியைக் கைப்பற்றும் முயற்சிகள் தமிழிலும் நடக்கின்றன. கூத்தில் கேலி பேசும் உரிமை கட்டியக்காரனுடையது. ஸ்ரீஜித் சுந்தரம் சென்னையில் தொடங்கிய குழு 'கட்டியக்காரி' என்று பெயர் வைத்துக்கொண்டது. ஒரு விகுதியை மாற்றியதிலேயே பாதி வாதம் முடிந்துவிட்டது. திருநங்கைகள் அதில் நடிக்கிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யா லண்டன் போய்க் கோமாளிக் கலை பயின்று வந்தார், பிறகு தோழர்களோடு சேர்ந்து 'பன்மை' குழுவைத் தொடங்கினார். சினிமா முப்பது வருஷமாக யாரைக் காட்டிச் சிரித்ததோ, அவர்கள் தங்கள் சொந்தக் கோமாளியை மேடையேற்றியிருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் நகரத்து அரங்கம். எங்க அத்தை உட்கார்ந்திருக்கும் திடலுக்கு இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பே பொய்.

சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் அச்சில் இருக்கின்றன. காமிக் பகுதி அவர் எழுதியது இல்லை, கலைஞர்கள் மேடையிலேயே வளர்த்தது. யாராவது குறித்து வைத்தால்தான் உண்டு. இந்தக் கட்டுரைக்காக என் 2012 நோட்டை எடுத்துப் பார்த்தேன். பபூன் பேசியது பன்னிரண்டு பக்கம். ஜோக்குக்கு ஜோக், எண் போட்டு. அதற்குக் கீழே ஒரே வரி: "டான்ஸ் — 20 நிமிஷம்."

மேலே எழுதியிருக்கிற அந்த நாலு வரிப் பதில் என் நோட்டிலிருந்து வந்ததில்லை. ஆடல் பாடலிலிருந்து திரும்பி வரும்போது, இருட்டில், அத்தை நடித்துக் காட்டியது. இத்தனை வருஷம் வார்த்தை மாறாமல் வைத்திருந்திருக்கிறார். மார்க்கெட்டில் ஒரு தடவை போலீஸ்காரர் ஒருத்தரிடம் அதையே எடுத்து விட்டிருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்று கேட்டார். ஸ்பெஷல் நாடக நோட்டீஸில் ஒவ்வொரு கலைஞருக்கும் போட்டோவும் பெயரும் ஊரும் போட்டிருப்பார்கள். அந்த நோட்டீஸை நான் எடுத்து வரவில்லை.